யூஎஸ்பி கோளாறு: நிரல் சொல்லாததைக் கர்னலிடம் கேட்பது எப்படி?

லினக்ஸில் யூஎஸ்பி கருவி ஒன்று தகராறு செய்யும்போது நம் கண்ணில் படுவது பெரும்பாலும் "இன்புட்/அவுட்புட் எரர்" என்ற ஒரே வரிதான். அதற்குப் பின்னால் நைந்த கேபிள் இருக்கலாம், மின்சாரம் பற்றாத ஹப் இருக்கலாம், கருவியின் ஃபர்ம்வேர் (உள்ளே பதிந்திருக்கும் மென்பொருள்) உறைந்து போயிருக்கலாம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு இதைப் பற்றி நிரலைவிட நிறையவே தெரியும். தெரிந்தது முழுவதும் நிரலிடம் வந்து சேர்வதில்லை என்பதுதான் சிக்கல். எந்த அறிகுறிக்கு எந்தப் படியில் தகவல் தொலைகிறது, அதை எங்கே போய் எடுப்பது என்று பார்க்கலாம்.

முதலில் பாதையைத் தெரிந்துகொள்வோம். கேபிளில் ஒரு பாக்கெட் பழுதானால் முதலில் அறிவது கணினியில் யூஎஸ்பி போக்குவரத்தை நடத்தும் ஹோஸ்ட் கன்ட்ரோலர் சிப். இன்றைய கணினிகளில் இருக்கும் எக்ஸ்எச்சிஐ கன்ட்ரோலர், வீடியோ, ஆடியோ போன்ற நேரம் தவறாத (ஐசோக்ரோனஸ்) போக்குவரத்தைத் தவிர மற்றவற்றைத் தானே மறுபடி அனுப்பிப் பார்க்கும். தொடர்ந்து மூன்று முறை தோற்றால்தான் கர்னலிடம் சொல்லும். அப்போதும் சிஆர்சி (பாக்கெட்டின் சரிபார்ப்பு எண்) தப்பா, கருவி பதிலே தரவில்லையா என்று பிரித்துச் சொல்லாது. எல்லாவற்றுக்கும் "டிரான்சாக்‌ஷன் எரர்" என்று ஒரே பெயர். கர்னல் அதை -71 என்ற எண்ணாக்கி அந்தக் கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவரிடம் கொடுக்கும். டிரைவர் அதை விழுங்கிவிடலாம், மறுபடி முயலலாம், அல்லது -5 என்று மாற்றி மேலே அனுப்பலாம். அந்த -5தான் திரையில் வரும் "இன்புட்/அவுட்புட் எரர்". ஆகவே கர்னலின் பதிவில் ஒரே ஒரு -71 தென்பட்டாலும் அலட்சியம் வேண்டாம். வன்பொருள் தன்னால் முடிந்த மட்டும் முயன்று தோற்ற பிறகுதான் அந்த எண் வருகிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் இரண்டு டெர்மினல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் டிமெசேஜ் கட்டளையை டபிள்யூ ஆப்ஷனோடு ஓடவிடுங்கள். பல லினக்ஸ் விநியோகங்களில் இதற்கு சூடோ (நிர்வாகி உரிமை) தேவைப்படும். இன்னொன்றில் யூடெவ்அட்ம் மானிட்டர். முதலாவது, கர்னல் மனிதர்களுக்காக எழுதும் பதிவு. இரண்டாவது, நிரல்களுக்காக அனுப்பும் அறிவிப்பு. முதலாவதில் வரிகள் ஓடி இரண்டாவது அமைதியாக இருந்தால், நடந்தது எதுவும் எந்த நிரலுக்கும் அறிவிப்பாகப் போகவில்லை என்று அர்த்தம். கணினி ஏற்கெனவே ரீபூட் ஆகிவிட்டதா? ஜர்னல்சிடிஎல் கட்டளைக்குக் கே ஆப்ஷனையும், பி ஆப்ஷனோடு -1 என்பதையும் கொடுத்தால் முந்தைய பூட்டின் கர்னல் பதிவு கிடைக்கும், அது சேமிக்கப்பட்டிருந்தால்.

அறிகுறி: செருகினால் ஒன்றுமே நடக்கவில்லை

டிமெசேஜில் ஒரு வரிகூட வரவில்லை என்றால் மென்பொருளைத் தேடிப் பயனில்லை. யூஎஸ்பி 2 கருவி தன் டேட்டா கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மேலே இழுப்பதை வைத்துத்தான் "யாரோ வந்திருக்கிறார்கள்" என்று போர்ட் அறிகிறது. சார்ஜிங்குக்கு மட்டுமான கேபிளில் டேட்டா கம்பிகளே கிடையாது. கருவியில் விளக்கு எரியும், கர்னலுக்கு எதுவும் தெரியாது. கேபிளை மாற்றுங்கள், முடிந்தது.

வரிகள் வந்து, கருவி மட்டும் வரவில்லை என்றால் விஷயம் வேறு. பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

யூஎஸ்பி 1-1.4: நியூ ஹை-ஸ்பீடு யூஎஸ்பி டிவைஸ் நம்பர் 9
யூஎஸ்பி 1-1.4: டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எரர் -71
யூஎஸ்பி 1-1.4: டிவைஸ் நாட் அக்செப்டிங் அட்ரஸ் 11, எரர் -71
யூஎஸ்பி 1-1-போர்ட்4: அனேபிள் டு இன்யூமரேட் யூஎஸ்பி டிவைஸ்

இதில் 1-1.4 என்பது முகவரி: முதல் பஸ் (யூஎஸ்பி தடம்), அதன் முதல் போர்ட்டில் ஒரு ஹப், அந்த ஹப்பின் நான்காவது போர்ட். வேறு போர்ட்டில் செருகும்போது இந்த எண் மாறியும் பிழை தொடர்ந்தால் கருவியிலோ கேபிளிலோ குறை. பிழை ஒரே எண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தால் போர்ட்டிலோ ஹப்பிலோ குறை. இவ்வளவு எளிய சோதனையைப் பலரும் செய்வதில்லை.

அடுத்து பிழை எண். -71 என்றால் பேச்சு நடந்தது, ஆனால் சிதைந்தது. நான் முதலில் கேபிளையும் கனெக்டரையும் சந்தேகிப்பேன். -110 என்றால் கர்னல் வழக்கமான 5 விநாடி காத்திருந்தும் கேட்டது கிடைக்கவில்லை. இங்கே மின்சாரத்தையும் ஃபர்ம்வேரையும் முதலில் பாருங்கள். -32 என்றால் கருவி கேள்வியைச் சரியாகக் கேட்டு, "முடியாது" என்று பதில் சொல்லியிருக்கிறது. கேபிளில் குற்றம் இல்லை, ஃபர்ம்வேர் எழுதியவர்தான் தன் டிஸ்கிரிப்டரை (கருவி தன்னைப் பற்றித் தரும் விவரக்குறிப்பை) சரிபார்க்க வேண்டும். 480 மெகாபிட்டில் ஓட வேண்டிய கருவியை "ஃபுல்-ஸ்பீடு" என்று கர்னல் எழுதினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹை-ஸ்பீடுக்கான கைகுலுக்கல் தோற்றிருக்கிறது. பெரும்பாலும் மட்டமான கேபிளின் வேலை, அல்லது இடையில் ஒரு பழைய ஹப்.

இந்த நிலையில் டெஸ்க்டாப் ஏன் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டுவதில்லை? யூடெவ் அறிவிப்பு என்பது கர்னலுக்குள் உருவான ஒரு கருவியைப் பற்றியது. இங்கே கருவி பதிவாகவே இல்லை. சுட்டிக்காட்டப் பொருள் இல்லாததால் அறிவிப்பும் இல்லை. டிமெசேஜ் மட்டும்தான் சாட்சி.

அறிகுறி: நன்றாக ஓடிக்கொண்டே இருந்து திடீரென மறைகிறது

"யூஎஸ்பி டிஸ்கனெக்ட், டிவைஸ் நம்பர் 7" என்ற வரியைப் பார்த்ததும் "நான் பிடுங்கவே இல்லையே" என்று தோன்றும். இணைப்பு போனது என்பது மட்டும்தான் கர்னலுக்குத் தெரியும், யார் பிடுங்கியது என்று தெரியாது. அதற்கு முந்தைய வரிகளைப் படியுங்கள். "ஓவர்-கரன்ட்" என்று இருந்தால் போர்ட் அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கப்பட்டு ஹப் துண்டித்திருக்கிறது. "டிசேபிள்டு பை ஹப் (இஎம்ஐ?), ரீ-இனேப்ளிங்" என்று இருந்தால், அந்தக் கேள்விக்குறி கர்னல் தானே போட்டது: அருகில் மின்காந்த இரைச்சல் இருக்கிறதா என்று கேட்கிறது. ரிலே, ஸ்டெப்பர் மோட்டார், வெல்டிங் இயந்திரம் பக்கத்தில் இருக்கும் ஆர்டுயினோ போர்டுகளில் இப்படி ஆகும். மோட்டார் இயங்கும் நொடியும் பதிவின் நொடியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் ஃபெரைட் மணி போட்ட குட்டையான கேபிளும் மோட்டாருக்குத் தனி சப்ளையும்தான் மருந்து.

மின்சாரக் கணக்கு எளிது. யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர் வரை, யூஎஸ்பி 3 போர்ட் 900 வரை. தனி அடாப்டர் இல்லாத யூஎஸ்பி 2 ஹப்பின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 100தான். ராஸ்பெர்ரி பை 4இல் நான்கு போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் உண்டு. அதில் இரண்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்கை மாட்டிவிட்டு -71ஐத் தேடுவது வீண் வேலை. அந்த போர்டில் "அண்டர்-வோல்டேஜ் டிடெக்டட்" என்ற வரி டிமெசேஜில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஓவர்-கரன்ட் விஷயத்தில் கர்னல் கொஞ்சம் தாராளமாகவே பேசுகிறது. கர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு போர்ட்டின் அடைவிலும் ஓவர்_கரன்ட்_கவுன்ட் என்ற கோப்பு இருக்கிறது. எண் ஏறினால் எந்தப் போர்ட், எத்தனை தடவை என்று தெரிந்துவிடும். கூடவே போர்ட்டின் பெயரோடு யூடெவ் அறிவிப்பும் போகிறது. கியாஸ்க், பில்லிங் மெஷின் மாதிரி ஆளில்லாத இடத்தில் ஓடும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சும்மா இருக்கும்போது மட்டும் மறைகிறது என்றால், வேலையில்லாத கருவியைத் தூங்கவைக்கும் ஆட்டோசஸ்பெண்டைப் பாருங்கள். கர்னலின் இயல்பான காத்திருப்பு 2 விநாடி. பெரும்பாலான கருவிகளுக்குக் கர்னல் தானாக இதை இயக்குவதில்லை, பேட்டரி சேமிக்கும் கருவித்தொகுப்புகள்தான் இயக்கிவிடுகின்றன. கருவியின் அடைவில் பவர், அதற்குள் கன்ட்ரோல் என்ற கோப்பில் "ஆன்" என்று எழுதிப் பாருங்கள். கோளாறு நின்றால் காரணம் அகப்பட்டது.

அறிகுறி: சீரியல் போர்ட்டில் பிழையே இல்லை, ஆனால் பைட்டுகள் காணவில்லை

எனக்கு மிகவும் கவலை தரும் அறிகுறி இதுதான், ஏனென்றால் நிரலைப் பொறுத்தவரை எல்லாம் நலம். யூஎஸ்பி சீரியல் டிரைவர்கள் பலவற்றுக்கும் பொதுவான வாசிப்புப் பகுதி, -71 போன்ற பிழை வந்தால் அதை டீபக் நிலையில் மட்டும் குறித்துவிட்டு அடுத்த வாசிப்பைத் தொடங்கிவிடும். சாதாரண டிமெசேஜில் அது தெரியாது. ரீட் அழைப்பு எந்தப் பிழையும் தராது. நடுவில் போனது போனதுதான்.

பார்க்க வேண்டுமானால், மறைந்திருக்கும் டீபக் வரிகளைப் பதிவில் காட்டும் டைனமிக் டீபக்கை இயக்க வேண்டும். கர்னலின் டீபக் கோப்புகள் இருக்கும் டீபக்எஃப்எஸ்ஸில் டைனமிக்_டீபக் அடைவின் கன்ட்ரோல் கோப்பில், மாட்யூல் என்ற சொல், யூஎஸ்பிசீரியல் என்ற பெயர், கூட்டல் குறியோடு பி என்ற எழுத்து, இந்த மூன்றையும் இடைவெளி விட்டு எழுதுங்கள். பிறகு "நான்ஸீரோ யுஆர்பி ஸ்டேட்டஸ்: -71" போன்ற வரிகள் வர ஆரம்பித்தால் சந்தேகம் தீர்ந்தது. நிரல் எழுதுபவர் செய்ய வேண்டியது ஒன்று: சீரியல் வழியாக வரும் ஒவ்வொரு செய்திக்கும் நீளமும் சரிபார்ப்பு எண்ணும் வைப்பது. கர்னல் சொல்லும் என்று நம்பி அதை விட்டுவிடக் கூடாது.

இதே இடத்தில் இன்னொன்று. கருவி ஒரு கணம் அறுந்து திரும்ப வந்தால் டிடிஒய்யூஎஸ்பி0 என்ற போர்ட் பெயர் டிடிஒய்யூஎஸ்பி1 ஆகிவிடும். பழைய பெயரை உங்கள் நிரல் இன்னும் திறந்தே வைத்திருப்பதுதான் காரணம். பைத்தானின் பைசீரியல் நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள் அப்போது "டிவைஸ் ரிப்போர்ட்ஸ் ரெடினஸ் டு ரீட் பட் ரிட்டர்ண்ட் நோ டேட்டா" என்ற நீளமான புகாரைப் பார்ப்பார்கள். இணைப்பு அறுந்தது என்பதற்கு அது ஒரு சுற்றுவழிச் செய்தி. பழைய கைப்பிடியை மூடுங்கள், டெவ் அடைவில் சீரியல், அதற்குள் பை-ஐடி என்ற இடத்தில் இருக்கும் நிலையான பெயரால் மறுபடி திறங்கள்.

அறிகுறி: காப்பி முடிந்தது என்றது, கோப்பு கெட்டுப்போயிருக்கிறது

பென்டிரைவில் எழுதும்போது ரைட் அழைப்பு வெற்றி என்று சொன்னால், தரவு நினைவகத்துக்குப் போனது என்று மட்டும்தான் பொருள். கருவிக்குப் போவது பிறகு, கர்னல் தன் வசதிப்படி அனுப்பும்போது. அந்த நேரத்தில் யூஎஸ்பி பிழை வந்தால் பிழையைப் பெற வேண்டிய நிரல் மூடிப் போயிருக்கும். டிமெசேஜில் "பஃபர் ஐ/ஓ எரர் ஆன் டெவ் எஸ்டிபி1 ... லாஸ்ட் அசிங்க் பேஜ் ரைட்" என்று வரும். அந்த "லாஸ்ட்" என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தரவு தொலைந்துவிட்டது.

பிழை நிரலுக்கு வந்து சேர ஒரே நம்பகமான வழி, தரவைக் கருவிக்கே அனுப்பி முடிக்கச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பு. எழுதி முடித்ததும் மூடுவதற்கு முன் எஃப்சிங்க் அழைத்தால், எழுத முடியாமல் போனது -5 ஆகத் திரும்பி வரும். 2017இல் வந்த 4.13 கர்னலுக்கு முன்பு, வேறொரு நிரல் முந்திக்கொண்டு அந்தப் பிழையை வாங்கிவிட்டால் உங்களுக்குக் கிடைக்காது. இப்போது கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை சொல்லப்படுகிறது. ஒருமுறைதான். எஃப்சிங்க் தோற்றதும் மறுபடி எஃப்சிங்க் அழைத்து, அது வெற்றி என்றால் நிம்மதி அடைவது ஆபத்து. அந்தப் பக்கங்கள் ஏற்கெனவே "எழுதப்பட்டவை" என்று குறிக்கப்பட்டிருக்கலாம். தோற்றால் கோப்பை முதலிலிருந்து எழுத வேண்டும். டிடி கட்டளையால் இமேஜ் எழுதுபவர்கள் கான்வ் ஆப்ஷனில் எஃப்சிங்க் என்று சேருங்கள், கடைசியில் உண்மையான பதில் கிடைக்கும்.

டிஸ்க் உறைந்து உறைந்து ஓடி, "ரீசெட் சூப்பர்ஸ்பீடு யூஎஸ்பி டிவைஸ்" என்ற வரி சுமார் 30 விநாடிக்கு ஒருமுறை வந்தால், அந்த 30 என்பது கர்னலில் டிஸ்க்குகளைக் கையாளும் எஸ்சிஎஸ்ஐ அடுக்கின் காத்திருப்பு நேரம். கேபிளை மாற்றியும் தீரவில்லை, பதிவில் யூஏஎஸ் (யூஎஸ்பி டிஸ்க்குகளுக்கான வேகமான நெறிமுறை) என்ற சொல் வருகிறது என்றால், யூஎஸ்பி-ஸ்டோரேஜ் மாட்யூலின் க்வர்க்ஸ் அளவுருவில் கருவியின் இரண்டு அடையாள எண்களோடு யூ என்ற எழுத்தைச் சேர்த்து யூஏஎஸ்ஸை முடக்கிப் பாருங்கள். வேகம் சற்றுக் குறையும், ஆனால் தரவு பிழைக்கும்.

அறிகுறி: வெப்கேமைத் திறந்தால் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்"

இதைப் பார்த்து ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகளை அழிப்பவர்கள் உண்டு. டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. -28 என்ற எண்ணுக்கு லினக்ஸின் பொதுவான விளக்கம் அந்த வாக்கியம். யூஎஸ்பியில் அதே எண்ணுக்கு பஸ்ஸில் அலைவரிசை இடம் இல்லை என்று பொருள். நிரல் எண்ணை வாக்கியமாக மாற்றும் இடத்தில் அர்த்தம் திரிந்துவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். யூஎஸ்பி 2இன் 480 மெகாபிட் என்பது நொடிக்கு 60 மெகாபைட். அதில் 80 சதவீதம்தான், அதாவது 48 மெகாபைட்தான், நேரம் தவறாத போக்குவரத்துக்கு ஒதுக்கலாம். ஒரு கேமரா தன் உச்ச ஒதுக்கீட்டைக் கேட்டால் 125 மைக்ரோவிநாடிக்கு 3072 பைட், நொடிக்குச் சுமார் 24.6 மெகாபைட். இரண்டு கேமரா என்றால் 49ஐத் தாண்டிவிடுகிறது. நூலிழையில் இடம் இல்லாமல் போகிறது. அதனால்தான் ஒரு கேமரா நன்றாக ஓடி, இரண்டாவது மட்டும் மறுக்கிறது.

கேமராக்களை வெவ்வேறு கன்ட்ரோலருக்குப் பிரியுங்கள். எல்எஸ்யூஎஸ்பி கட்டளைக்கு டி ஆப்ஷன் கொடுத்தால் யார் எந்த மரத்தில் இருக்கிறார்கள் என்று தெரியும். அல்லது சுருக்கிய எம்ஜேபெக் வடிவத்துக்கு மாறுங்கள், ரெசொல்யூஷனைக் குறையுங்கள். சுருக்காத வடிவத்தில் கேமரா தேவைக்கு மேல் கேட்கிறது என்றால் யூவிசிவீடியோ மாட்யூலுக்கு க்வர்க்ஸ் 128 கொடுத்தால் கர்னல் தானே தேவையைக் கணக்கிடும்.

வீடியோ டிரைவரைப் பாராட்டவும் வேண்டும். ஒரு ஃபிரேம் பழுதாக வந்தால் அதன் பஃபரில் பிழைக் கொடி வைத்து நிரலுக்குத் தர அதற்கு வழி இருக்கிறது. பழுதானதை டிரைவரே தூக்கிப் போடாமல் இருக்க நோட்ராப் என்ற அளவுரு உண்டு. படம் துள்ளுகிறது, காரணம் தெரியவில்லை என்றால் அதை 1 ஆக்கி, கொடி வைத்த ஃபிரேம்களை எண்ணுங்கள்.

அறிகுறி: லிப்யூஎஸ்பி நிரல் வெறும் "எரர்" என்கிறது

நிரல்கள் யூஎஸ்பி கருவியோடு நேரடியாகப் பேச உதவும் நூலகம் லிப்யூஎஸ்பி. அதன் பரிமாற்ற நிலைகள் கர்னலின் எண்களைத் தொகுத்துத் தருபவை. -32 வந்தால் ஸ்டால், -75 வந்தால் ஓவர்ஃப்ளோ, -19, -108 இரண்டும் நோ டிவைஸ். மற்றபடி -71, -84, -62 எல்லாம் ஒரே "எரர்" ஆகிவிடும். உள்ளே இருந்த எண் வேண்டுமென்றால் லிப்யூஎஸ்பி_டீபக் என்ற சூழல் மாறியை 4 ஆக்கி ஓட்டுங்கள், பதிவில் அசல் எண் வரும்.

இவற்றில் ஸ்டாலை வன்பொருள் பழுது என்று எண்ண வேண்டாம். கருவி வேண்டுமென்றே தரும் பதில் அது. கிளியர் ஹால்ட் செய்துவிட்டுத் தொடரலாம். ஓவர்ஃப்ளோ பெரும்பாலும் நிரலின் பக்கத்துத் தவறு. ஹை-ஸ்பீடு பல்க் (மொத்தத் தரவு) பாக்கெட் 512 பைட். 100 பைட் பஃபரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், கருவி 512 அனுப்பியதும் பிழை. பஃபரை எப்போதும் பாக்கெட் அளவின் மடங்காக வையுங்கள். பெரிய பஃபர் பல போட்டதும் "நினைவகம் இல்லை" என்று வந்தால் அது கணினியின் ரேம் அல்ல. இந்த வழிக்குக் கர்னல் வைத்திருக்கும் இயல்பான வரம்பு 16 மெகாபைட். யூஎஸ்பிகோரின் யூஎஸ்பிஎஃப்எஸ்_மெமரி_எம்பி அளவுருவில் அதை உயர்த்தலாம்.

அறிகுறி: எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் போயின

"எக்ஸ்எச்சிஐ ஹோஸ்ட் கன்ட்ரோலர் நாட் ரெஸ்பாண்டிங், அஸ்யூம் டெட்" என்ற வரியைத் தேடுங்கள். அது இருந்தால் கருவிகள்மேல் குற்றமில்லை, கன்ட்ரோலரே நின்றுவிட்டது. பிசிஐ டிரைவர் அடைவில் அதை அன்பைண்ட் செய்து மறுபடி பைண்ட் செய்தால் பெரும்பாலும் ரீபூட் இல்லாமலே மீளும். அடிக்கடி நடந்தால் பயாஸையும் கர்னலையும் புதுப்பியுங்கள்.

எதிலும் பிடிபடாவிட்டால்: யூஎஸ்பிமான்

மேலே உள்ள எதுவும் உதவாதபோது பஸ்ஸையே பார்க்கலாம். பஸ் போக்குவரத்தைக் காட்டும் யூஎஸ்பிமான் மாட்யூலை ஏற்றுங்கள், டீபக்எஃப்எஸ்ஸில் பஸ் எண்ணோடு யூ எழுத்து சேர்ந்த கோப்பைப் படியுங்கள். வயர்ஷார்க்கிலும் பார்க்கலாம். ஒவ்வொரு வரியிலும் அடையாளம், மைக்ரோவிநாடியில் நேரம், பிறகு ஒரு எழுத்து: எஸ் என்றால் அனுப்பியது, சி என்றால் முடிந்து வந்தது. அடுத்து "பிஐ:1:007:1" போல ஒரு சொல் வரும். பல்க், உள்வரும் திசை, முதல் பஸ், ஏழாவது கருவி, முதல் எண்ட்பாயிண்ட் (கருவிக்குள் தரவு போய்வரும் வாசல்) என்று படிக்க வேண்டும். சி வரியில் அதன் பின் வரும் எண்தான் நாம் தேடுவது. 0 என்றால் நலம், -71 என்றால் டிரைவர் மாற்றி எழுதுவதற்கு முந்தைய உண்மை. அந்த வரியின் நேரத்தையும் நிரலின் பதிவு நேரத்தையும் பக்கத்தில் வைத்தால், பிழை கேபிளில் பிறந்ததா நிரலில் பிறந்ததா என்று தீர்ந்துவிடும்.

யூஎஸ்பி பிழைகளை நிரல்கள் நேரடியாகக் கேட்க ஒரு பொது வழி வேண்டும் என்ற முயற்சி நடந்தது. 2019இல் முன்வைக்கப்பட்ட அறிவிப்பு வரிசைத் திட்டத்தில் யூஎஸ்பி ரீசெட், பிழை ஆகியவையும் இருந்தன. 5.8 கர்னலில் அந்த வரிசை சேர்க்கப்பட்டபோது கர்னலின் சாவி வளைய (கீரிங்) மாற்றங்களுக்கு மட்டும்தான் வந்தது, யூஎஸ்பி பகுதி சேரவில்லை. எனவே நிரல் எழுதுபவர் கையில் இருப்பவை அழைப்புகள் திருப்பித் தரும் பிழை எண், யூடெவ் அறிவிப்பு, சிஸ்எஃப்எஸ் கோப்புகள் ஆகியவைதான். டிமெசேஜை நிரலால் படித்து வரிகளைத் தேடும் பழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வாக்கியங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. அதற்குப் பதிலாக, பிழை வந்த கணத்திலேயே அசல் எண்ணையும், 1-1.4 போன்ற போர்ட் முகவரியையும், கர்னல் பதிவோடு ஒப்பிடக்கூடிய மோனோடோனிக் (பின்னோக்கிப் போகாத) நேரத்தையும் உங்கள் நிரலின் பதிவில் எழுதிவிடுங்கள். பயனருக்கு "கேமராவுக்கு யூஎஸ்பியில் இடம் போதவில்லை, வேறு போர்ட்டில் மாட்டுங்கள்" என்று அவர் மொழியில் சொல்லுங்கள். -28க்கு நூலகம் தரும் ஆயத்த வாக்கியத்தை அப்படியே திரையில் போடாதீர்கள்.